ஒரு பேட்டரிக்கு எவ்வளவு உப்பு

தம்பி, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்தப் பக்கம் போதும். தூத்துக்குடி பஸ்ஸுன்னா அதுல ஏறுத பாதிப் பேருக்கு என்னத் தெரியும். முன்னாடி அது எனக்குப் பெருமையா இருந்துச்சு. இப்ப பஸ்ஸு மதுரை மாட்டுத்தாவணிய விட்டு வெளிய வர்ற வரைக்கும் துண்ட மூஞ்சில போட்டுக்கிட்டு கெடந்தேன், பாத்திருப்பீங்க. தூங்கல.

நீங்க போன்ல பாத்துக்கிட்டு இருந்தது கரண்டு ஸ்கூட்டர்தானே? தப்பா நெனைக்காதீங்க, கண்ணு தானாப் போயிருச்சு. வாங்கப் போறீங்களா? வாங்குங்க. ஆனா உள்ள என்ன பேட்டரின்னு கேட்டு வாங்குங்க. லித்தியமா சோடியமான்னு கேளுங்க. கடைக்காரனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். இதெல்லாம் தெரியாமலே இருந்திருந்தா இன்னைக்கு நான் பாட்டுக்கு ஊருக்குள்ள நிமிந்து நடந்துக்கிட்டு இருப்பேன்.

சோடியம்னா என்னன்னு தெரியும்லா? நம்ம சாப்பாட்டு உப்புக்குள்ள இருக்கது அதுதான். எனக்கு உப்புதான் தொழிலு. ஞானதுரைன்னு பேரு. டவுனுக்கு வடக்க, கடலோரமா, எங்கப்பா காலத்துல இருந்து எங்களுக்கு அளம், அதான் உப்பளம், இருக்கு. அதனாலதான் சோடியம்னு கேட்ட உடனே எனக்குக் கிறுக்குப் பிடிச்சுது.

எங்கண்ணன் மக எப்சிபா. அண்ணன், அந்தப் பிள்ள காலேஜ்ல படிக்கும்போதே தவறிட்டாவ. அதுக்கப்புறம் நான்தான் அதுக்கு எல்லாம். அப்படித்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். படிச்சது பூரா ஸ்காலர்ஷிப்புலதான், அத ஏன் மறைக்கணும். ஆனா ஹாஸ்டலுக்குக் கெளம்பும்போதெல்லாம் பஸ் ஏத்திவிட்டது நான்தான். வெளிநாட்டுக்குப் போயி பேட்டரியில பெரிய படிப்பு படிச்சுட்டு வந்து, கூடப் படிச்ச தௌபீக்குன்னு ஒரு பையன சேத்துக்கிட்டு அம்பத்தூர்ல ஒரு சின்ன கம்பெனி போட்டா. சோடியத்துல பேட்டரி. டவுனுக்குள்ள லோடு அடிக்குத ஆட்டோவுக்கு.

போன ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்திருந்தா. சாப்பிட்டு முடிச்சுட்டு நான்தான் கேட்டேன், "எம்மா, அப்படி என்னதான் செய்யுதீங்க அங்கன?"

பொறுமையா சொன்னா. லித்தியம் வெளிநாட்டுல இருந்து வரணும் சித்தப்பா, நாலஞ்சு நாட்டுலதான் கெடைக்கும், அவுக வச்சதுதான் வெல. சோடியம் அப்படி இல்ல, எங்கயும் இருக்கு. வெயிட்டு கூட, ஒரு தடவ சார்ஜ் போட்டா லித்தியம் அளவுக்கு தூரம் ஓடாது. ஆனா டவுனுக்குள்ளயே சுத்துத ஆட்டோவுக்கு அது போதும். என்ன, கொஞ்ச நாள் ஓடுனா பேட்டரி சோந்து போவுது, அந்தச் சோர்வு வராம இருக்க நாங்க ஒரு பொடி கண்டுபிடிச்சிருக்கோம் அப்படின்னா.

இவ்வளவும் சொன்னா. எங்காதுல விழுந்தது ஒண்ணுதான். உப்பு.

"அப்ப நம்ம உப்புலயா பேட்டரி?"

சிரிச்சா. "நம்ம உப்புல இல்ல சித்தப்பா. பெரிய தொழிற்சாலையில சுத்தம் பண்ணி வர்ற பொடிதான் வாங்குதோம். அதுவும் ஒரு ஆட்டோ பேட்டரிக்குன்னு கணக்குப் போட்டா, கடையில விக்க உப்பு பாக்கெட்டு பத்துல இருக்க சோடியம் போதும்."

கேட்டீங்களா? அன்னைக்கே சொல்லிட்டா. நான் அத வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். ஒரு ஆட்டோவுக்குப் பத்து பாக்கெட்டு. அப்ப ஊர்ல இருக்க ஆட்டோவுக்கு? நாட்டுல இருக்க ஆட்டோவுக்கு? நாளைக்கு காரு, லாரி, பஸ்ஸு? என் மனசுக்குள்ள அம்பாரம் அம்பாரமா உப்பு ஏறிக்கிட்டே போவுது. என் சம்சாரம் ரூபி எதுத்தாப்புல உக்காந்து முந்திரிக்கொத்து எடுத்து வச்சுக்கிட்டு இருந்தா. "அந்தப் பிள்ள சொல்லுதத முழுசாக் கேளுங்க"ன்னா. நான் அவளப் பேசாம இருக்கச் சொன்னேன்.

முதலீடு போடுதேன்னு சொன்னேன். எப்சிபா மொகம் மாறிருச்சு.

"வேண்டாம் சித்தப்பா. சொந்தக்காரங்க காசு வேண்டாம்னு நானும் தௌபீக்கும் முதல்லயே பேசி வச்சிருக்கோம். இது புதுசு. நிக்கவும் செய்யும், போகவும் செய்யும். போனா நான் உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"போனாப் போவுது. எங்கண்ணன் மகளுக்குத்தானே குடுக்கேன்."

அந்த வார்த்தைய நான் மனசாரத்தான் சொன்னேன் தம்பி. சொல்லும்போது உண்மையாத்தான் இருந்துச்சு. ரெண்டு மாசம் விடாம போன் போட்டேன். உங்கப்பா இருந்தா குடுத்திருப்பாருல்ல, எங்கிட்ட மட்டும் ஏன் வாங்க மாட்டேங்கன்னு கேட்டேன். அங்கனதான் அவ எளகிட்டா. அப்பா பேரச் சொன்னா அவளால ஒண்ணும் பேச முடியாது. எனக்கும் அது தெரியும்.

அளத்துல அந்த வருச உப்ப மொத்தமா வித்து அவளுக்குக் குடுத்தேன். ஆடி முடியுததுக்குள்ள என் மேட்டுல ஒரு குத்து உப்பு கெடையாது.

அதுக்குப் பெறவு கம்பெனியப் பாக்கப் போனேன். நான் நெனைச்சது பெரிய ஆலை, மூட்டை மூட்டையா உப்பு. போயிப் பாத்தா ரெண்டு ரூம்பு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரப்பர் கையுறை தொங்குது, அதுக்குள்ள கைய விட்டுதான் வேல செய்யுதாவ. பேட்டரி எங்கன்னு கேட்டா சட்டைப் பொத்தான் மாதிரி ஒண்ணக் காட்டுதா. ஒரு பாட்டில்ல வெள்ளப் பொடி இருந்துச்சு. கை பழக்கம், தொட்டு நாக்குல வைக்கப் போயிட்டேன். தௌபீக்கு பாய்ஞ்சு வந்து கையப் பிடிச்சுட்டான். எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். அன்னைக்கு அவ மறுபடியும் சொன்னா. "சித்தப்பா, உப்பு வெல ஏறுனா இந்தப் பேட்டரிக்கே அர்த்தம் இல்ல. மலிவா இருக்கதாலதான் நாங்க இதப் பிடிச்சுக்கிட்டு நிக்கோம்." நான் தலைய ஆட்டுனேன். ஆட்டிக்கிட்டே, ஊர்ல போயி இத எப்படிச் சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

எப்படிச் சொன்னேன்னு கேக்கீங்களா? கார்டு அடிச்சேன் தம்பி. விசிட்டிங் கார்டு. ஞானதுரை, உப்பள உரிமையாளர், அதுக்குக் கீழ இன்வெஸ்டர். முடி வெட்டுதவருக்குக்கூட ஒண்ணு குடுத்தேன். எங்க உப்பளக்காரங்க சங்கத்துல சாயங்காலம் நாலு பேரு உக்காந்து டீ குடிப்பாவ. அங்கன போயி சொல்ல ஆரம்பிச்சேன். பெட்ரோலு காலம் முடிஞ்சு போச்சு, லித்தியமும் முடியப் போவுது, இனிமே உப்புதான், எம் பிள்ள கம்பெனி நம்ம உப்பத்தான் எடுக்கப் போவுது, தைக்குள்ள வெல மூணு மடங்கு ஆவும். மூணு மடங்குன்னு ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியாது. வாயில வந்துச்சு. சொன்ன உடனே எல்லாரும் என்னப் பாத்த பார்வை இருக்கே, அதுக்காக நாலு மடங்குன்னுகூடச் சொல்லியிருப்பேன்.

சுடலைமணின்னு ஒருத்தன். என் அளத்துக்குப் பக்கத்துலயே சின்னதா ஒரு அளம் குத்தகைக்கு எடுத்து ஓட்டுதான். அவனும் அவன் பொண்டாட்டியுமாத்தான் பாத்தியில எறங்கி உப்பு வாருவாவ, கூலிக்கு ஆள் வைக்க மாட்டான். வீடு கட்டிக்கிட்டு இருந்தான். சுவரு எழும்பியாச்சு, காங்கிரீட்டு போடணும். உப்ப வித்துட்டு மழைக்கு முன்னாடி போட்டுரலாம்னு இருந்தான். ஆவணியில வியாபாரி வந்தாரு. நல்ல வெலதான் கேட்டாரு. சுடலைமணி நேரா எங்கிட்ட வந்தான்.

"அண்ணாச்சி, குடுத்துரவா? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

"பொறுல. தை மாசம் பாரு. மாடி வீடே கட்டுவ."

அவன் பொண்டாட்டி கொஞ்சம் தள்ளி நின்னா. "மழை வந்துருமே அண்ணாச்சி, கூரை இல்லாமக் கெடக்கே"ன்னா. ஒரு மழைக்குத் தகரம் போட்டு சமாளிங்கன்னு நான்தான் சொன்னேன். அவனும் கேட்டான். அவனப் பாத்து இன்னும் நாலஞ்சு பேரு உப்ப விக்காம நிறுத்தி வச்சாவ. 

நீங்க இப்ப மனசுக்குள்ள நெனைப்பீங்க, நீரு மட்டும் ஏன்வே வித்தீருன்னு. என் கதை வேற தம்பி. நான் பிள்ளைக்குக் குடுக்கதுக்காக வித்தேன். வெல ஏறாதுன்னு தெரிஞ்சு விக்கல. அத நீங்க புரிஞ்சுக்கிடணும்.

ஐப்பசி கடைசியில மழை பிடிச்சுது. மழை எல்லா வருசமும் வாரதுதான், அம்பாரத்து மேல தென்னங்கீத்து போட்டு மூடி வச்சா உப்புக்கு ஒண்ணும் ஆகாது. இந்த வருசம் மேக்க ஒரு கொளம் ஒடைஞ்சுட்டு. தண்ணி மேல இருந்து வரல, கீழ இருந்து வந்துச்சு. விடிஞ்சு நான் போய்ப் பாக்கேன், வெள்ளையா ஒண்ணுமே இல்ல. கீத்து மட்டும் மெதந்துக்கிட்டு இருக்கு. சுடலைமணி வரப்புல நிக்கான், முட்டளவு தண்ணி. என்னப் பாத்த உடனே அவன் கேட்டான் தம்பி, "அண்ணாச்சி, உங்க உப்பு தப்பிச்சுதா?"

அவனுக்கு நெசமாவே தெரியாது, நான் வித்தது. வெளிய சொல்லாம ராமநாதபுரத்து வியாபாரிக்குல்லா வித்திருந்தேன். லாரியில ஏத்தும்போது, மழைக்கு முன்னாடி குடோனுக்கு மாத்துதேன்னு சொல்லி வச்சிருந்தேன்.

"ஆண்டவர் கிருபை"ன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல.

கொஞ்ச நாள்ல விசயம் வெளிய வந்துட்டு. எங்கள உப்பப் பிடிச்சு வைக்கச் சொல்லிட்டு இவரு வித்திருக்காருன்னு சங்கத்துல சத்தம். ஒரு நாள் எல்லாரும் என்னச் சுத்தி உக்காந்து கேட்டாவ. தலைவர் கேட்டாரு, "அண்ணாச்சி, மூணு மடங்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அங்கன நான் என்ன சொல்லியிருக்கணும்? யாரும் சொல்லல, நானாச் சொன்னேன்னு சொல்லியிருக்கணும். சின்ன வார்த்தைதான். எல்லார் கண்ணும் எம்மேல. என் வாயி சொல்லுது, "எனக்கு என்னவே தெரியும். படிச்ச பிள்ள சொன்னா, நான் நம்புனேன். நானும் காசப் போட்டுட்டுத்தான் நிக்கேன்."

"அப்ப அந்தப் பிள்ளயக் கூப்பிடும்"ன்னாவ.

கூப்பிட்டேன். எதுக்குன்னு கேட்டா. சும்மா, பேட்டரி பத்தித் தெரிஞ்சுக்கிடணும்ங்காவ, ஒரு எட்டு வந்துட்டுப் போன்னேன். காச்சலோட வந்தா, பாவம். பஸ் ஸ்டாண்டுல இருந்து சங்கக் கட்டடத்துக்கு என் வண்டியில பின்னால உக்காந்துதான் வந்தா. அவ்வளவு நேரம் இருந்துச்சு. சொல்லியிருக்கலாம். நான் மழையப் பத்திப் பேசிக்கிட்டு வந்தேன். எந்தெந்த ரோடு அத்துப் போச்சுன்னு காட்டிக்கிட்டு வந்தேன்.

உள்ள நுழைஞ்ச உடனே அவளுக்குப் புரிஞ்சுட்டு. ஒருத்தர்கூட உக்காரச் சொல்லல. சுடலைமணிதான் எந்திரிச்சு கேட்டான். கோவமாக் கேக்கல, அவனுக்குக் கோவப்படவே வராது. "எம்மா, உங்க கம்பெனி எங்க உப்ப மூணு மடங்கு வெலைக்கு எடுக்கும்னு நீங்க சொன்னதாச் சித்தப்பா சொன்னாவ. சொன்னீங்களாம்மா?"

எப்சிபா என்னத் திரும்பிப் பாத்தா.

நான் மேல பாத்தேன். ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அவ எவ்வளவு நேரம் என்னப் பாத்தான்னு எனக்குத் தெரியாது, நான் கீழ பாக்கல. அப்புறம் அவ சத்தம் கேட்டுச்சு. "நான் புரியுத மாதிரிச் சொல்லாம விட்டுட்டேன் அண்ணே. தப்பு எம்மேலதான். சித்தப்பா மேல ஒண்ணும் இல்ல. எல்லாரும் என்ன மன்னிச்சுக்கிடுங்க." கையெடுத்துக் கும்புட்டா.

நான் அங்கனயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? எந்திரிச்சேன். எந்திரிச்சு, "சின்னப் பிள்ள, அனுபவம் இல்லாமச் சொல்லிட்டா, மனசுல வச்சுக்கிடாதீங்க"ன்னேன். எல்லாரும் அமைதியாயிட்டாவ. வெளிய வரும்போது ஒருத்தரு என் தோளத் தட்டி, அண்ணாச்சிக்குப் பெரிய மனசுன்னாரு. அந்த நேரத்துல எனக்கு அது ஆறுதலாத்தான் இருந்துச்சு தம்பி. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பப் போகும்போது அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "சுடலைமணி அண்ணனுக்கு ஏதாவது செய்ங்க சித்தப்பா." சரின்னேன். செய்யணும்னுதான் இருக்கேன். அவன் இப்ப வேற ஒருத்தர் அளத்துல கூலிக்கு உப்பு வாருதான். வீடு இன்னும் தகரந்தான். ரோட்டுல என்னப் பாத்தா வண்டிய நிறுத்தி, "வாங்க அண்ணாச்சி, சொகமா"ங்கான். அவன் ரெண்டு வசவு வஞ்சாக்கூட நான் தாங்கிக்கிடுவேன். அந்த அண்ணாச்சிதான் தாங்க முடியல. இப்ப நான் அந்த ரோட்டுல போறதே இல்ல, சுத்திப் போறேன்.

சங்கத்துல நடந்தத எவனோ வீடியோ எடுத்திருக்கான். அவ கும்பிட்டு மன்னிப்புக் கேக்க இடம் மட்டும். உப்பளத் தொழிலாளிகளை ஏமாத்திய பேட்டரி கம்பெனி முதலாளி ஒத்துக்கொண்டார்னு மேல எழுதி எல்லாருக்கும் அனுப்பிட்டான். சுத்தி சுத்தி எனக்கே வந்துச்சு, எங்க சர்ச்சு குரூப்புல. நான் யாருக்கும் அனுப்பல. அத மட்டும் நான் எங்க வேணும்னாலும் நின்னு சொல்லுவேன்.

அதுக்குள்ள அவ கம்பெனி நல்ல இடத்துக்கு வந்திருந்துச்சு. அந்தப் பொடி வேல செய்யுதுன்னு நிரூபிச்சுட்டாவ. ஒரு ஆட்டோவுல மாட்டி, மூணு நாலு மாசம் அம்பத்தூர்ல லோடு அடிச்சுப் பாத்திருக்காவ, பேட்டரி சோரல. புனேயில ஒரு கம்பெனிக்காரங்க, அவுக பெரிய முதலீடு போட்டு ஆலை கட்டித் தாரோம்னு வந்திருந்தாவ. கையெழுத்துப் போடப் போற நேரத்துல இந்த வீடியோ அவுக கைக்குப் போயிட்டு. விசாரிக்கணும்னுட்டாவ.

ரூபிக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது, எப்சிபா அவகிட்டதான் பேசுவா. அன்னைக்கு எனக்குச் சாப்பாடு எடுத்து வச்சுட்டு எதுத்தாப்புல நின்னா. "உப்ப வித்த கையோட அந்தப் பிள்ளையையும் வித்துட்டீங்க. போயி நேர்ல பேசிட்டு வாங்க. இல்லன்னா நான் போறேன், போயி நான் சொல்லுதேன் எல்லாத்தையும்." இத்தன வருசத்துல அவ எங்கிட்ட அப்படிப் பேசுனது இல்ல. 

அதான் கெளம்பிப் போனேன். நேத்து அங்கனதான் இருந்தேன். வாசல்ல வந்து பையை வாங்கிக்கிட்டா. மெலிஞ்சு போயிருக்கா. தௌபீக்கு எந்திரிச்சு நின்னான், அவ்வளவுதான். என்ன சொல்லணும்னு ரயில்ல போகும்போதே மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். உக்காந்து தண்ணி குடிச்சு முடிக்கல, புனேயில இருந்து போன் வந்துட்டு. அவுக கம்பெனியில தமிழ் தெரிஞ்ச ஒரு அம்மா. எப்சிபா சொன்னா, "மேடம், எங்க சித்தப்பாவே வந்திருக்காங்க. நீங்க நேரா அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க"ன்னு. போன எம் முன்னால வச்சு ஸ்பீக்கர்ல போட்டா. அவ மொகத்துல அப்ப ஒரு தெளிச்சி தம்பி. காலேஜ்ல எடம் கெடைச்ச அன்னைக்கு இருந்த மாதிரி. நான் சொல்லிருவேன்னு நம்பிட்டா.

அந்த அம்மா மரியாதையாத்தான் கேட்டாவ. "சார், இந்தப் பேச்சு பதிவாகுது, பரவாயில்லையா? எப்சிபா மேடம் உங்க ஊர் உப்ப வாங்குறதா, வெல ஏறும்னு, உங்ககிட்ட எப்பவாவது சொன்னாங்களா?"

பதிவாகுதுன்னு சொன்னாவ பாத்தீங்களா, அங்கனதான் நான் மாட்டிக்கிட்டேன். இது நாளைக்குச் சங்கத்துக்குப் போவும். அங்கன எல்லாரும் போட்டுக் கேப்பாவ. சுடலைமணி கேப்பான். அவன் பொண்டாட்டி கேப்பா. அப்ப இத்தன நாளும் அண்ணாச்சி நம்மகிட்ட பொய்யா சொன்னாருன்னு. 

"பிள்ள நெறையச் சொல்லுச்சும்மா. எனக்கு வயசாயிட்டு. சரியா ஞாபகம் இல்ல."

ஞாபகம் இல்லன்னுதான் சொன்னேன். சொன்னான்னு சொல்லல. சொல்லலைன்னும் சொல்லல. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு சொன்னேன்.

அந்த அம்மா, சரி சார், ரொம்ப நன்றின்னு வச்சுட்டாவ. தௌபீக்கு கதவத் தெறந்துக்கிட்டு வெளிய போயிட்டான். எப்சிபா போன எடுத்துப் பைக்குள்ள வச்சா. நான் ஏதோ பேசப் போனேன். "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா.

பக்கத்துல ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. மீன் சாப்பாடு. அவ ஒண்ணும் வாங்கல, மோர் மட்டும் குடிச்சா. நான் சாப்பிட்டேன் தம்பி. கொழம்பு நல்லா இருந்துச்சு. ரெண்டாந்தடவ சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ராத்திரி மதுரைக்கு வர்ற ரயில்ல படுத்துக் கெடக்கும்போதுதான் அது தோணுச்சு, நான் ரெண்டாந்தடவ சோறு கேட்டேனே, அந்தப் பிள்ள என்ன நெனைச்சிருக்கும்னு. விடிய விடிய அதுதான். மத்தது எல்லாத்தையும்விட அந்தச் சோறுதான் வந்து வந்து நிக்கி.

திங்கக்கிழமை முடிவு சொல்லுதோம்னு அந்தப் புனேக்காரங்க மெயில் போட்டிருக்காவ. அந்த முதலீடு வராதுன்னுதான் தௌபீக்கு சொல்லுதானாம். ரூமக் காலி பண்ணணும்னு பேசிக்கிட்டாவளாம். ரூபிதான் காலையில போன்ல சொன்னா. சொல்லிட்டு, நீங்க அங்கன என்ன பேசுனீங்கன்னு கேட்டா. சிக்னல் இல்லன்னு வச்சுட்டேன்.

இன்னைக்குச் சனி. திங்கக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்குல்லா?

தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். காலையில இருந்து எனக்கு இதுதான் ஓடிக்கிட்டு இருக்கு. உங்க போன்ல வீடியோ நல்லா விழுமா? நான் பேசுததப் பிடிச்சு எப்சிபாவுக்கு அனுப்பிரலாம், அவ புனேக்கு அனுப்பிருவா. அவ்வளவுதானே. ஒரு வீடியோவுல போனது இன்னொரு வீடியோவுல வரட்டுமே. எனக்கு இந்த போன்ல எதை அமுக்கணும்னே தெரியாது. வீட்டுல எடுக்கச் சொன்னா ரூபி அழுவா, பாத்துக்கிட்டு என்னால பேச முடியாது. முன்னப்பின்ன தெரியாத ஆளு நீங்கதான் சரி.

இப்பமேவா? எடுங்க, எடுங்க. நிமிந்து உக்காரணுமா? சரி.

என் பேரு ஞானதுரை. தூத்துக்குடி. நான் உப்பளம் வச்சிருக்கேன். எங்கண்ணன் மக எப்சிபா, உப்பு வாங்குவோம்னோ, வெல ஏறும்னோ எங்கிட்ட ஒரு நாளும்...

நிறுத்துங்க, நிறுத்துங்க தம்பி. கீழ வைங்க போன. அந்த முன்சீட்டுல திரும்பிப் பாத்தாருல்லா, செக்குச் சட்ட, அவரு உப்பு லாரி ஓட்டுதவரு. அருப்புக்கோட்டையில ஏறியிருக்காரு, நான் கவனிக்கல. இல்ல, கேட்டிருக்காது. கேட்டிருக்குமா? பஸ்ஸு சத்தத்துல கேட்டிருக்காது.

கொஞ்ச நேரம் போவட்டும். அவரு தூங்குவாரு. அப்ப எடுத்துக்கிடலாம். மெதுவாப் பேசுனாலும் அதுல விழும்லா?

என்ன, எந்திரிக்கீங்க? எட்டயபுரமா? நீங்க தூத்துக்குடிக்கு இல்லையா? அடடா, நான் கேக்கவே இல்ல பாருங்க. 

எறங்கியா? நானுமா? பஸ் ஸ்டாண்டுலயே ஓரமா நின்னு எடுத்துரலாம்ங்கீங்களா... அஞ்சு நிமிசம்தான், தெரியும். அடுத்த பஸ்ஸு இருக்கத்தான் செய்யும். ஆனா டிக்கெட்டு தூத்துக்குடி வரைக்கும்லா எடுத்திருக்கேன். பையும் மேல கெடக்கு. ரூபி வேற பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன்னா, அவள நிக்க வைக்கக் கூடாது. நான் பொறவு எடுத்துக்கிடுவேன் தம்பி. நாளைக்கு ஞாயித்துக்கிழமை பூரா இருக்கு. சர்ச்சு முடிஞ்சு யாராவது ஒரு ஆளப் பிடிச்சு எடுத்துருவேன்.

இல்ல, நெசமாத்தான் சொல்லுதேன். எடுத்துருவேன்.

கண்டக்டர் விசில் குடுத்துட்டாரு, நீங்க எறங்குங்க. படி உசரம், பாத்து. தம்பி... தம்பி, ஒண்ணு. இப்ப எடுத்தீங்கல்லா, அந்தத் துண்டு, அத அழிச்சுருங்க. யாருக்கும் போயிரக் கூடாது.